மூன்று நாற்பதுக்கு நின்றுவிடும் லேப்டாப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ என் காதில் பூ சுற்றியதை நான் உங்கள் காதில் சுற்றவில்லை. இது நடந்தது என் அக்கா கணவருக்கு. அவர் லேப்டாப் மெக்கானிக். தெருவில் அவருக்கு ‘சந்தேகம்’ என்றுதான் பெயர். பேய் பிசாசை விடுங்கள், புது பேட்டரியின் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதைக்கூட நம்பாத மனிதர். அப்படிப்பட்டவர் இன்றைக்கும் பிற்பகல் மூன்றரை ஆனால் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நடைபாதையில் போய் நின்றுகொள்கிறார். வெயிலோ மழையோ, நாலு மணிக்குத்தான் திறப்பார். ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னதுதான் இது. நேரமெல்லாம் அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன். நான் எதையும் கூட்டவில்லை.

பதினைந்து வருட வேலையில் அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான். மெஷின் பொய் சொல்லாது, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் சொல்வார்கள். கீபோர்டிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருக்கும், “தண்ணியே படலங்க, தானா நின்னுபோச்சு” என்பார்கள். அதனால் யாருடைய லேப்டாப்பைத் திறந்தாலும் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுத்துக்கொண்டேதான் திறப்பார். நாளைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது.

கடைக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அறுபத்து நான்கு வீடுகள். எல்லோருமே அவருடைய கஸ்டமர்கள்தான். அதில் ஏழாவது மாடியில் ஒரு மேடம். தனியாக இருக்கிறார். ஏதோ ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதும் வேலை. லேப்டாப் மெதுவாக இருக்கிறது, ஹேங் ஆகிறது என்று கொண்டுவந்தார். முதல் தடவை, “அண்ணா, கொஞ்சம் பாருங்க” என்றார். இவர் தூசி ஊதி, ஃபேனையும் டிஸ்க்கையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது தடவை, “சார், மறுபடியும் நிக்குது” என்றார். மெமரியையும் மாற்றி, மூன்று நாள் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நொடிகூட நிற்கவில்லை. மூன்றாவது தடவை போன் வந்தது.

“ஏங்க மிஸ்டர், உள்ள இருந்த நல்ல மெமரியை எடுத்துட்டு எதையோ போட்டுட்டீங்களா?”

“மேடம், கடையில நல்லா ஓடிச்சே…”

“என் வீட்ல நிக்குதே! சரியா மூணு நாற்பதுக்கு ஹேங் ஆகுது. கண்ணை மூடித் திறந்தா மூணு அம்பத்தொண்ணு. தினமும் பதினோரு நிமிஷம் நான் சும்மா உக்காந்திருந்தேன்னு ஆபீசுக்கு ரிப்போர்ட் போகுது.”

“நானே வீட்டுக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி நிக்கட்டும்.”

“வாங்க. ஆறு மணிக்குள்ள ஒரு முடிவு தெரியணும். இல்லன்னா எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல உங்களைப் பத்திப் போட்டுடுவேன்.”

அந்த குரூப்பில் ‘திருடன்’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அவர் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதைவிட, பதினைந்து வருடத்தில் அடுத்தவர் ஸ்க்ரூ ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாத மனிதர். அவருக்கு அந்தப் பேச்சு தாங்கவில்லை. போகிற வழியில் அவர் மனதில் ஒரே எண்ணம்தான். இந்த அம்மா ஏதோ தில்லுமுல்லு செய்கிறார், கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

3.10க்கு அங்கே போய்ச் சேர்ந்தார். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மேற்கே பார்த்த ஜன்னல். மேடத்தின் நாற்காலி சுவரோடு சுவராக ஒட்டிக்கிடந்தது. நடுவில் ஒரு செய்தித்தாளைக்கூடச் செருக முடியாது. இதையும் அவர் கவனித்து வைத்துக்கொண்டார். எதையும் கவனித்து வைத்துக்கொள்கிற ஆள்.

“வீட்ல வேற யாராவது இருக்காங்களா மேடம்?”

“நான் மட்டும்தான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா எதுக்குக் கேப்பீங்க?”

இவருக்கு அவர் மேல் சந்தேகம், அவருக்கு இவர் மேல் சந்தேகம். நல்ல ஜோடி.

3.22க்கு பின்பக்க மூடியைக் கழற்றினார். பத்து ஸ்க்ரூ. சத்தமாக எண்ணி வைத்தார். மெமரியில் இருந்த நம்பரையும் பில்லில் இருந்த நம்பரையும் காட்டினார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஃபேன் ஒயர் ஓரிடத்தில் லேசாக உரசியிருந்தது. காலையில் வாங்கிய கருப்பு இன்சுலேஷன் டேப்பைப் பிரித்து, விரல்கடை அளவு கிழித்துச் சுற்றினார். டேப்பை மேஜைமேல் வைத்தார். மூடியை மாட்டினார்.

3.36க்கு போனைப் பக்கவாட்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டார். லேப்டாப் திரை, மேடம், இவருடைய பின்மண்டை, மூன்றும் தெரிகிற மாதிரி. திரையின் ஓரத்தில் நொடி காட்டும் கடிகாரத்தையும் திறந்து வைத்தார். மேடம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். தலைக்குக் குளித்திருப்பார் போல, முடியை விரித்துவிட்டு ஒரு கிளிப் மட்டும் போட்டிருந்தார். இவர் டீயில் வாய் வைத்தார். நாக்கு சுட்டுவிட்டது. கீழே வைத்தார்.

3.39.

மேடம் டைப் செய்துகொண்டிருந்தார். இவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

3.40.05… 06… 07…

3.51.20.

அவ்வளவுதான். கண் சிமிட்டுகிற நேரம்தான்.

“பாத்தீங்களா! பாத்தீங்கள்ல? தாவிடுச்சு!”

“பாத்தேன் மேடம்.”

பார்த்தார்தான். ஆனால் நம்பவில்லை. மேஜைக்கு அடியில் ஏதாவது சுவிட்ச் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை. யோசித்துக்கொண்டே டீயை எடுத்து வாயில் வைத்தார்.

பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே ஏடு படிந்திருந்தது.

ஏசி அறை, சீக்கிரம் ஆறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வந்து உட்கார்ந்தபோது தரையில் கிடந்த வெயில் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. இப்போது கணுக்காலில் சுட்டது. அதற்கும் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு மேடத்தைப் பார்த்தார். ஏதோ மாறியிருந்தது. அது என்ன என்று பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“மேடம்… சடை…”

“என்ன சடை?” மேடம் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். “ஓ, இதுவா. டென்ஷன்ல நானே பின்னிக்குவேன் போல. தினமும் சாயங்காலம் பாத்தா இப்படித்தான் இருக்கு.”

நுனியில் கருப்பாக ஏதோ கட்டியிருந்தது. ரப்பர் பேண்ட் என்று நினைத்து விட்டுவிட்டார். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“ஆறு மணி. ஞாபகம் இருக்கட்டும்” என்றார் மேடம், கதவைச் சாத்துவதற்கு முன்.

கடைக்கு வந்து, காத்திருந்த கஸ்டமர்களை அனுப்பிவிட்டு வீடியோவைப் போட்டபோது 5.05. அவர் எதையும் நேராக ஓடவிட்டுப் பார்க்கிறவர் இல்லை. விரலால் தள்ளி, கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்பார். அந்தத் தாவல் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 3.40.07க்கு வந்தார்.

3.40.08.

09.

10.

தாவவே இல்லை. திரையில் நொடிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. லேப்டாப் நிற்கவில்லை.

நின்றது அவர்கள் இரண்டு பேரும்.

மேடத்தின் விரல்கள் கீபோர்டில் அப்படியே இருந்தன. இவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி அப்படியே இருந்தது. வீடியோதான் ஹேங் ஆகிவிட்டதோ என்று பார்த்தார். டீயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மேடத்தின் கண் திறந்தே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இமைக்கவில்லை.

3.42.

சர்ர்… சர்ர்…

மெக்கானிக் காது. ஃபேன் சத்தம் என்று நினைத்தார். ஃபேன் புதிது. டிஸ்க்கா? புது டிஸ்க்கில் சுழலுகிற பாகமே கிடையாது.

சர்ர்… சர்ர்…

மேடத்தின் கிளிப் திறந்தது. மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. முடி மெதுவாக மேலே எழுந்தது.

நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து…

இரண்டு கைகள்.

முழங்கை வரைக்கும்தான் தெரிந்தன. சுத்தமாக நகம் வெட்டிய கைகள். அவசரமே இல்லை. சிக்கு எடுத்தன. வாரின. மூன்றாகப் பிரித்தன. பின்னின.

3.49. ஒரு கை மேஜைப் பக்கம் வந்தது. தடவிப் பார்த்தது. அவருடைய டேப்பை எடுத்தது.

டர்ர்ர்க்.

கிழித்துச் சடை நுனியில் சுற்றியது. டேப்பை எடுத்த இடத்திலேயே வைத்தது.

3.50. அந்தக் கை… அவர் பக்கம் வந்தது.

அவருடைய பின்மண்டையில் படிந்தது. இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தது.

போய்விட்டது.

பின்னுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முப்பது வயதிலேயே அவருக்கு முழு வழுக்கை. அதற்காக அவர் சந்தோஷப்பட்டது வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான்.

5.40 வரைக்கும் அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை. இதைக் காட்டினால் தன் பெயர் தப்பிக்கும். ஆனால் அந்த அம்மா இன்றைக்கு இரவு அந்த வீட்டில் எப்படிப் படுப்பார்? காட்டாவிட்டால் தான் திருடன். அதோடு விஷயம் தெரியாமல் மேடம் நாளைக்கும் அதே நாற்காலியில்தான் உட்காருவார். ரொம்ப யோசித்துவிட்டு 5.48க்கு வீடியோவை முழுசாக அனுப்பினார். ஒரு நொடிகூட வெட்டவில்லை. கீழே எழுதினார்: “மேடம், தனியா பாக்காதீங்க. பாத்துட்டு உடனே கூப்பிடுங்க.”

உடனே பார்த்ததற்கான குறி விழுந்தது.

6.14க்கு போன் அடித்தது.

“எவ்வளவு நெஞ்சழுத்தம் உங்களுக்கு?”

“மேடம்…?”

“மூணு நாற்பது வரைக்கும் ஓடுது. அப்படியே மூணு அம்பத்தொண்ணுக்குத் தாவுது. நடுவுல வெட்டி எடுத்துட்டு எனக்கே அனுப்புறீங்களா?”

“வெட்டலை மேடம்! அதுல ரெண்டு கை…”

“என்ன கை?”

இவர் விளக்கத் தொடங்குவதற்குள் மேடமே பேசினார்.

“ஆறு மணி ஆயிடுச்சு. குரூப்ல போடுறேன். உங்க வீடியோவோடவே போடுறேன். எல்லாரும் பாக்கட்டும்.”

“வேண்டாம் மேடம்! அதை யாருக்கும்…”

வைத்துவிட்டார்.

இவர் திரும்பத் திரும்பப் போன் செய்தார். எடுக்கவில்லை. ஓடிப்போய் ஏழாவது மாடிக் கதவைத் தட்டலாம் என்று எழுந்தார், அந்த அறையை நினைத்ததும் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் சொல்லும்போது அவர் அழுதேவிட்டார். யாரையும் நம்பாமல் இருந்தவன் அந்த ஒரு தடவை நம்பி அனுப்பினேனே என்றார்.

6.55. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார்.

“நாங்க எல்லாரும் நேரா ஓடவிட்டுத்தான் பாத்தோம்பா. அறுபத்து நாலு வீடும் பாத்தாச்சு. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. மூணு நாற்பதுலேருந்து மூணு அம்பத்தொண்ணுக்குத் தாவுது. இனிமே நீ கேட்டுக்குள்ள கால் வைக்காதே.”

“சரி சார்.”

செயலாளர் போனை வைக்கவில்லை.

“சார்…?”

“ஒண்ணு கேக்கணும்.” குரல் இறங்கியிருந்தது. “என் பொண்ணும் பக்கத்துல உக்காந்துதான் பாத்தா. தலையை விரிச்சுப் போட்டுட்டு இருந்தா. இப்ப… சடை பின்னியிருக்கு. நானும் பின்னலை, அவ அம்மாவும் பின்னலை.”

இவர் கண் பக்கத்தில் கிடந்த பைக்குப் போனது.

“நுனியில கருப்பா டேப் சுத்தியிருக்குப்பா. எங்க வீட்ல அப்படி ஒரு டேப்பே கிடையாது. எதிர் வீட்லேருந்தும் இப்ப இதையேதான் வந்து கேக்குறாங்க…”

இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் பையின் ஜிப்பை இழுத்தார்.

காலையில் வாங்கிய டேப். ஃபேன் ஒயருக்கு ஒரு விரல்கடை, மேடத்தின் சடைக்கு ஒரு துண்டு. அவருக்குத் தெரிந்து அவ்வளவுதான் கிழிந்திருந்தது.

உள்ளே அட்டை வளையம் மட்டும்தான் கிடந்தது.