அரை நிமிடத்துக்கு முந்தைய நான்

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் மூளை லீவு போட்டுவிடும். வாயும் காலும் மட்டும் டியூட்டியில் இருக்கும். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இது அவ்வளவு நல்ல ஏற்பாடு இல்லை.

பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் எனக்கு வேலை. வீட்டுக்கு வருகிற இன்டர்நெட் வயரிலேயே டிவி சேனல்களையும் நேரலையாக அனுப்புவது எங்கள் புதுத் தொழில். முதலில் எந்த அபார்ட்மெண்டுக்குக் கொடுக்கலாம் என்று முதலாளி கேட்டபோது, "நான் குடியிருக்கிறதுக்கே கொடுத்துடலாம் சார், எல்லாம் தெரிஞ்ச மனுஷங்க" என்று சொன்ன புத்திசாலி நான்தான். தெரிந்த மனிதர்கள் என்றால் தெரிந்த கதவைத்தான் தட்டுவார்கள். சீரியலில் மாமியார் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துத் திரை கறுத்துப்போகும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அடுத்த நிமிடம் என் வீட்டு மணி அடிக்கும். யார் கண்ணிலும் படாமல் இருக்க, லிஃப்டில் போவதை விட்டுவிட்டுப் படியேற ஆரம்பித்தேன். அந்த மாதம் இரண்டு கிலோ இளைத்தேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத் தலைவர் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவதற்கு முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "பாயிண்ட் நம்பர் ஒன்" என்பார். அதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடுவதால் இரண்டாவது பாயிண்டை யாரும் பார்த்ததில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாயிண்ட் நம்பர் ஒன். கிளப் ஹவுஸ்ல பசங்க ப்ரோக்ராம். நீ எல்லா வீட்டுக்கும் லைவ் காட்டறே. ஒரே ஒரு தடவை திரை கறுத்துச்சு, பழைய கேபிள்காரன் நாளைக்கே வந்துடுவான். ப்ரோக்ராம் முடிஞ்ச உடனே கை தூக்கி முடிவு பண்றோம்."

"கறுக்காது சார்" என்றேன். வாய் டியூட்டியில் இருந்தது.

சதுர்த்தியன்று மாலை இரண்டு தெரு தள்ளி எங்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். கிளப் ஹவுஸ் கேமராவில் இருந்து படம் இங்கே வரும். துண்டு துண்டாக நறுக்கப்பட்டு வீடுகளுக்குப் போகும். நறுக்கி, அனுப்பி, அங்கே சேர்த்து ஒட்டுவதற்குள் அரை நிமிடம் தாமதமாகிவிடும். என் எதிர்ச் சுவரில் இருந்த டிவியிலும் வீடுகளில் தெரிகிற அதே படம்தான். ஹாலில் மேடைக்குப் பக்கத்திலும் ஒரு பெரிய டிவி வைத்திருந்தார்கள். தலைவர் மேடைக்கு முதுகைக் காட்டி அந்த டிவியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று என் மனைவி போனில் சொன்னாள். பின்னால் பிள்ளைகள் நேரில் ஆடிக்கொண்டிருக்க, மனுஷர் அரை நிமிடம் பழைய ஆட்டத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

மயில் டான்ஸ் நடுவில் என் கம்ப்யூட்டரில் சிவப்பு எரிந்தது. கேமரா படம் வரவில்லை.

சுவர் டிவியில் மயில் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதாவது, வீடுகளுக்குச் சேதி போக இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. மூளை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் எழுந்து, காலண்டரில் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். "நூத்தியெட்டு போடறேன்ப்பா, காப்பாத்து!" ஏழாவதில் முட்டி மடக்கென்றது.

வாடிக்கையாளர் போன்களை எடுக்கிற கன்னடத்து மேடம் பக்கத்து மேஜையில் இருந்தார். "டென்ஷன் மாட்கோபேடி சார், டென்ஷனே வேணாம்! பிரசிடெண்ட் கேட்டா என்ன சொல்றது, அத யோசிங்க" என்றார்.

நான் யோசிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வயிற்றைத் தள்ளி, தலைவர் குரலிலேயே முழங்கினேன்: "பாயிண்ட் நம்பர் ஒன்! இந்த ஆளைக் கட்டி பேஸ்மெண்ட் தண்ணித் தொட்டியில போடுங்க!"

மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டு, "ஏம்மா, கேமரா பக்கத்துல எவனாவது பிளக்கைப் பிடுங்கிட்டானா பாரு" என்றபடி சுவர் டிவியைப் பார்த்தேன்.

மயிலைக் காணோம். அங்கே தொப்பையோடு ஒருத்தன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான்.

யாரடா இது என்று ஒரு கணம் பரிதாபப்பட்டேன். சட்டை தெரிந்த சட்டையாக இருந்தது.

கேமரா படம் நின்றால் தானாகவே இரண்டாவது படத்துக்கு மாறும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். 'சற்றுப் பொறுங்கள்' என்ற அட்டை வர வேண்டிய இடம் அது. ஆனால் முந்தாநாள் சோதிக்கும்போது அட்டை தயாராக இல்லை. காசில்லாமல் கிடைக்கிற படம் என் மூஞ்சிதானே என்று லேப்டாப் கேமராவை இணைத்துவிட்டு மறந்துபோனேன். மைக்கும் சேர்த்து.

"சார், கட் பண்ணுங்க! அடுத்தது பிரசிடெண்ட் வசனம்!" மேடம் அலறினார்.

"கட் பண்ணா கறுப்பு, மேடம்!"

"கட் பண்ணலன்னா?"

"தண்ணித் தொட்டி!"

திரையில் நான்காவது தோப்புக்கரணம். ஐந்தாவது. என் எதிர்காலம் இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விரல் பட்டன் மேலேயே நின்றது. கறுக்காது என்று சொல்லியிருக்கிறேனே. விரலை எடுத்துவிட்டேன். மானம் போனால் படியேறிச் சமாளிக்கலாம்; அது பழகிவிட்டது.

திரையில் முட்டி மடக்கென்றது. அது கூடக் கேட்டது. பிறகு கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "பாயிண்ட் நம்பர் ஒன்!"

போனில் மனைவி இன்னும் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஹால் முழுக்கக் கூரை இடிந்த மாதிரி சத்தம். அது சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. இனி நான் செய்வதும் அரை நிமிடத்தில் அங்கே போய்ச் சேரும் என்று அப்போதுதான் உறைத்தது. லேப்டாப் கேமராவுக்கு நேரே போய் நின்று, கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றி, காதைப் பிடித்துக்கொண்டேன்.

"பாயிண்ட் நம்பர் டூ: மன்னிச்சிடுங்க சார். பாக்கி நூத்தியொண்ணையும் உங்க பேர்ல போட்டுடறேன்."

பன்னிரண்டு போட்டிருப்பேன். சுண்டலைச் சூடாக்க யாரோ கேமரா பிளக்கைப் பிடுங்கி அடுப்பைச் சொருகியிருந்தார்கள் என்றும், மாற்றிவிட்டதாகவும் மனைவி சொன்னாள். சிவப்பு அணைந்தது. மயில் போய், அனுமார் வேஷம் போட்ட ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் தண்ணீர் கொடுத்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மனைவி மறுபடி கூப்பிட்டாள். "ஏங்க, கை தூக்கியாச்சு."

"என்ன ஆச்சு?"

"உங்க டிவிதானே? நீங்களே பாருங்க."

"ஏம்மா, உசுரு போகுது, சொல்லித் தொலையேன்!"

"அரை நிமிஷம்தானே. ஊரே பொறுத்துக்குது, நீங்க பொறுக்க மாட்டீங்களா?"

அந்த அரை நிமிடத்தில் வேறு என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டேன். சமையல்காரர் வரைக்கும் வந்திருந்தபோது, கூட்டத்துப் பக்கம் திருப்பியிருந்த கேமராவில் தலைவர் எழுந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கையை மட்டும் தூக்கினார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. மேடம் பைலைத் தூக்கி எறிந்து கத்தினார். நான் குதித்தேன், முட்டி மறுபடி மடக்கென்றது.

மூன்றாவது வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் கை தூக்கவில்லை. என் மனைவி.

"ஏம்மா, நீ மட்டும்?"

"ஒரு கையில போன், ஒரு கையில சுண்டல். மூணாவது கைக்கு எங்க போவேன்?"