பலாப்பால் ஒட்டிய கீபோர்டு

பழைய கீபோர்டு வாங்குகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் என் பையைப் பார்ப்பார். பழைய பேப்பர், உடைந்த பிளாஸ்டிக் குடம் வாங்குகிறவர்கள் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொண்டு, "எடைக்குங்களா?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் உள்ளதைச் சொன்னால் நானும் எடை பார்த்துத்தான் வாங்குகிறேன். கையில் தூக்கினால் செங்கல் மாதிரி கனக்க வேண்டும். கனத்தால் உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது, ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது வருகிற கீபோர்டுகளை ஒரு விரலில் தூக்கிவிடலாம். அவை எனக்கு வேண்டாம்.

கொல்லிமலை அடிவாரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் சாப்பாட்டுக்கு வருகிறது. இந்தக் கீபோர்டு வியாபாரம் ஆசைக்கு. பெரிய ஊர்களில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் முப்பது வருடத்துப் பழைய கீபோர்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதைத் தட்டும்போது வருகிற சத்தத்துக்காகவே வாங்குகிறார்கள். இருப்பது பத்து விரல், எதற்கப்பா நாலு கீபோர்டு என்று ஒருவனிடம் கேட்டேன். "உங்களிடம் ஒரே ஒரு சேலைதான் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டான். நாலாவதையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார், ஊரெல்லாம் தங்கம் சேர்க்கிறது, இவள் தகரம் சேர்க்கிறாள் என்று.

விலை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கனம் பார்ப்பேன். காதை வைத்துச் சத்தம் கேட்பேன். இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று என்று ஒவ்வொரு கீயும் இரண்டு முறை பேச வேண்டும். மேலே பூசிய எழுத்தா, பிளாஸ்டிக்கில் ஊறிய எழுத்தா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். பூசிய எழுத்து தேய்ந்து போகும், ஊறிய எழுத்து அப்படியே இருக்கும். கடைசியாக, கீயின் மேல் ஸ்டிக்கரோ பெயிண்டோ கீறலோ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் விலை பாதிக்குக் கீழே போய்விடும். வாங்குகிறவர்களுக்கு மழித்த முகம் மாதிரி மொழுமொழுவென்று இருக்க வேண்டும்.

போன பலாப் பருவத்தில், மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் என் கடைக்கு சார்ஜர் வாங்க வந்தார். மேசையில் இருந்த கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதே சத்தம் மலை மேல திண்ணனூர் நாட்டுல ஒரு ஊட்டுல கேட்டனுங்க. அங்க ஒரு அம்மணி மனு அடிச்சுக் குடுக்குது. அது அடிக்கிறது ரோடு வரைக்கும் கேக்குமுங்க" என்றார். மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு அவருடைய பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஒரு கவரை விரித்து வைத்துக்கொண்டுதான் எழுபது வளைவும் ஏறினேன். அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் அந்த வளைவுகளுக்கு என் வயிறு இன்னும் பழகவில்லை. அந்தப் பருவத்தில் மலையில் எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு. பஸ் கம்பியில் பலாப்பால், சீட்டில் பலாப்பால், கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டே என் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

பஸ்ஸை விட்டு இறங்கி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டு வழியாக ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். வீட்டை யாரிடமும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. சத்தம் கூட்டிக்கொண்டு போனது. ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். மலையில் முன்பு நடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள். சென்டரை மூடியபோது அங்கிருந்த பழைய சாமான்களை வாங்கி வைத்துக்கொண்டு, சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை என்று ஊராருக்கு வேண்டிய மனுக்களை வீட்டிலேயே அடித்துக் கொடுக்கிறாள். அவள் இல்லையென்றால் அந்தச் சனம் ஒரு மனுவுக்கு ஒரு நாள் வேலையை விட்டு மலை இறங்க வேண்டும்.

என்னோடு பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காதுப் பக்கமாகப் பார்த்தாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு எழுத்தும் கொய்யாக்காய் அளவுக்கு இருந்தது. அதையும் பார்த்தேன், யோசிக்கவில்லை. என் கண் கீபோர்டை விட்டு நகர்ந்தால்தானே?

அப்படியொரு கீபோர்டு. தூக்கினேன், கை இறங்கியது. தட்டினேன், இரண்டு முறை பேசியது. எழுத்தெல்லாம் ஊறிய எழுத்து. ஒரே குறை, ஏறக்குறைய எல்லாக் கீயின் மேலும் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சுளை தின்ன கையோடயேதான் அடிப்பீங்களா?" என்றேன் சிரித்துக்கொண்டு.

"பலாப்பாலுதானுங்க அக்கா" என்று அவளும் சிரித்தாள்.

விலை சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள். ஏற்றிச் சொன்னேன். "விக்கிறதுக்கில்லீங்க. இடைவெளி விடற நீளக் கட்டை, ஸ்பேஸ் பாரு, அதுதான் ஒரு வாரமா மாட்டிக்குது. நீங்க ரிப்பேரு பாக்கறவங்கன்னு சொன்னீங்களே. சரி பண்ணித் தருவீங்களா? சீக்கிரம் வேணுங்க, மனு நிக்குது" என்றாள். சரி, நம் கடைக்கு வந்தால் பாதி நம்முடையது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, தகவல் சொல்ல அவள் புருஷனின் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு, துண்டில் சுற்றி வாங்கி வந்தேன்.

ஸ்பிரிங்கை மாற்ற அரை மணி நேரம் ஆனது. அதோடு நின்றிருக்கலாம். என் கை நிற்கவில்லை. பலாப்பாலைத் தண்ணீரில் கழுவினால் போகாது, தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். கீக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெயில் பஞ்சை நனைத்துத் தேய்த்து, பல் பிரஷ்ஷால் ஓரத்தையெல்லாம் எடுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, துணியில் பரப்பிக் காயவைத்தேன். இரண்டு நாள் வேலை. கூலி கேட்காமல் செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை வேறு. மறுபடி மாட்டியதும் அது நேற்றுத்தான் பெட்டியைப் பிரித்த மாதிரி இருந்தது. படம் எடுத்து, வழக்கமாக வாங்குகிற ஒருவனுக்கு அனுப்பினேன். அவன் சொன்ன விலையை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதுவரை எந்தக் கீபோர்டுக்கும் எனக்கு அப்படி விலை வந்ததில்லை. உடனே அவள் புருஷனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னேன். அவள் மறுப்பாள் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் மலை ஏறியபோது புருஷனும் வீட்டில் இருந்தார். மிளகுக் கொடியைப் பார்க்கப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். நான் துண்டைப் பிரித்துக் கீபோர்டை மேசையில் வைத்தேன். அவள் முகத்தில் வரப்போகிற ஆச்சரியத்தைப் பார்க்க நின்றேன்.

அவள் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தாள். விரல்கள் மேல் வரிசையில் ஓடின, கீழே வந்தன, மறுபடி மேலே போயின.

"இது என்னுது இல்லீங்க" என்றாள்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் மாற்றி வைத்துவிட்டேன் என்கிறாளா? "நல்லாப் பாருங்க, நான் அந்த மாதிரி ஆள் இல்லை" என்றேன். குரல் உயர்ந்துதான் போனது. அவள் கீபோர்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில் இருந்த ஒரு பழைய வெட்டுத் தழும்பைத் தடவினாள்.

"என்னுதுதான். முள்ளெல்லாம் எங்கீங்க அக்கா?"

"எந்த முள்?"

"பலாப்பால்ல முள்ளாட்டம் வெச்ச அடையாளமுங்க. அதைத் தொட்டுத்தான அடிப்பேன். எனக்கு நடுப்பார்வை போயி நாலு வருஷமாச்சுங்க. ஓரத்துலதான் தெரியும். கீயில இருக்கற எழுத்து தெரியாதுங்க."

அவள் என் காதைப் பார்த்துப் பேசியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓரப் பார்வையில் என் முகத்தைப் பிடிக்கத்தான் அப்படிப் பார்த்திருக்கிறாள். டைப்பிங் முறையாகப் படித்தவள் இல்லை. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக விழுகிற முறையில், நாலு விரலில், பார்த்துப் பார்த்து அடித்துப் பழகியவள். பார்வை மங்க மங்க, ஒவ்வொரு பலாப் பருவத்திலும் பாலைக் காய்ச்சி ஒவ்வொரு கீக்கும் ஒரு அடையாளம் வைத்திருக்கிறாள். நாலு பருவத்து வேலை அது. அதைத்தான் நான் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன்.

"புதுசா ஒண்ணு நானே வாங்கித் தர்றேன்" என்று உளறினேன்.

"புதுசுல சத்தம் வராதுங்களே. இது ரெண்டு தடவ சத்தம் போட்டாத்தான் எழுத்து விழுந்துச்சுன்னு தெரியும். அதுல விழுந்துச்சா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்?"

புருஷன் வாசற்படியில் இருந்து மெதுவாகச் சொன்னார், "அதான் போச்சுல்ல. வித்துருவோம் கண்ணு. நல்ல வெல வருதாம். நீயும் எத்தனை நாளைக்குத்தான் திரையில மூக்கை ஒரசிட்டுக் கெடப்ப?" அவர் பேராசைக்காரர் இல்லை. அந்தக் குரலில் அவள் மேல் இருந்த கவலை எனக்கே கேட்டது. அதனால்தான் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அவள் கீபோர்டின் வயரைச் சுற்றிக் கட்டினாள். பிறகு கீபோர்டை என் பக்கமாகத் தள்ளினாள்.

"கொண்டு போங்க. இனி சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்."

நான் எதற்காக மலை ஏறினேனோ அது என் கைக்கு வந்துவிட்டது. எடுத்துப் பையில் வைத்தால் முடிந்தது. வைக்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க வழக்கம்போல் அதட்டலாகத்தான் பேச வந்தது எனக்கு. "எந்தக் கீக்கு எந்த முள்ளுன்னு ஞாபகம் இருக்கா இல்லையா?" என்றேன்.

"ஞாபகம் இருக்குதுங்க. ஆனா இப்ப எது எங்க இருக்குதுன்னு கண்ணு சொல்லாதுங்களே."

"எனக்குக் கண்ணு இருக்குது. நீங்க சொல்லுங்க, நான் வெக்கிறேன். பால் எங்க?"

புருஷன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொடுவாளை எடுத்துக்கொண்டு வெளியே போய், பின்னால் இருந்த பலா மரத்தில் ஒரு கீறல் போட்டு, கொட்டாங்குச்சியில் பால் பிடித்து வந்தார். அவள் அதை இரும்புக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காட்டினாள். பால் பழுப்பாகி இறுகி வந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்பதை மணத்தை வைத்தே சொன்னாள். நான் ஈர்க்குச்சியில் தொட்டு, ஒவ்வொரு கீயாக எழுத்தை வாசித்தேன்.

"ஏ."

"படுத்த கோடு. ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சுக்கும் படுத்த கோடுங்க. உயிரெழுத்து அதுலதான வருது."

"கே."

"ஒரு புள்ளி. நடுவுல வேண்டாம், மேல் ஓரத்துல."

"டி."

"ரெண்டு புள்ளி."

இரண்டு இடத்தில் தப்பாக வைத்தேன். அவள் விரலால் தடவிவிட்டு, "இது கொழுத்துப் போச்சுங்க அக்கா" என்று சிரித்தாள். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பாதி வரிசை முடிவதற்குள் என் இடுப்பு விட்டுப் போனது. இஸட் என்று வாசித்தபோது அவள் திணறினாள்.

"அதுல 'ழ' வரும். அதுக்கு என்ன வெச்சேன்... வர மாட்டேங்குதே."

"மூணு புள்ளி, அடுப்புக்கல்லு மாதிரி" என்றார் புருஷன். "நாந்தான அன்னிக்கு டார்ச்சு புடிச்சேன்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் முகம் மலர்ந்துபோனது. அவர் உள்ளே வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். மீதிக் கீக்களுக்குக் கரண்டியை அவர்தான் பிடித்தார்.

எல்லாம் காய்ந்து இறுகியதும் அவள் கணினியில் செருகி, ஒரு மனுவின் முதல் வரியை அடித்தாள். முதலில் தயங்கித் தயங்கி அடித்தாள். பிறகு அந்தச் சத்தம் கோர்வையாக வந்தது. நான் திரையைப் பார்த்தேன். பிழை இல்லை. 'ஐயா, வணக்கம்' என்பது திரை முழுக்க நின்றது.

புருஷன் மனிதர்தானே, கேட்டுவிட்டார். "ஏனுங்க அம்மணி, இப்ப அந்த டவுன் பையன் என்னங்க குடுப்பான்?"

அவள் கை நின்றது. விலை சொல்வது என் தொழில். அதில் நான் பொய் சொல்வதில்லை. கீபோர்டைத் தூக்கி, கனம் பார்த்து, கட்டி கட்டியாகப் பலாப்பால் ஒட்டியிருந்த ஒவ்வொரு வரிசையையும் பார்த்தேன். "இந்தக் கோலத்துல யாரும் தொடக்கூட மாட்டாங்க. பத்து பைசா போகாது" என்றேன்.

அவள் கையை நீட்டிக் கீபோர்டை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சுங்க அக்கா" என்றாள். "இனி யாரும் கேட்டு வர மாட்டாங்க."