போர்வைக்குள் பேசிய விலை

சென்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என் மச்சானை விலை பேசி விற்கிறார்கள் என்று நான் முழுமனதாக நம்பியிருக்கிறேன். அறியாப் பருவத்தில் அல்ல. மீசை வைத்து, சேலத்து வாசகசாலைக்குச் சந்தா கட்டி, அங்கிருந்த இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களை அலமாரி அலமாரியாகத் தின்று தீர்த்த வயதில்.

மச்சான் என்றால் என் அக்காள் புருஷன். புதுச்சத்திரம் பக்கத்தில் மாட்டுத் தரகர். அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வீங்கி, காய்ச்சல் விடாமல் அடித்தது. சேலத்து டாக்டர் தடவிப் பார்த்து, "இது என் கைக்கு அடங்காது. பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள். தாமதித்தால் ஆள் தங்கமாட்டார்" என்று சொல்லிவிட்டார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொலைகாரனை மடக்கலாம். வைத்தியம் பேச முடியாது.

அது வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரி. மாணவர்களுக்குப் பாடம் நடப்பதும் அங்கேதான். இந்த விவரம் வாசலிலேயே எழுதியிருந்தது, நானும் வாசித்தேன். வாசித்ததெல்லாம் மண்டைக்குள் போய்விடுமானால் நான் இந்நேரம் ஜில்லா கலெக்டர்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். அவர் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட வாலிபர்கள் ஒரு கூட்டம். மச்சானை நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். விலாவில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினார். பிறகு போர்வைக்குள் கையை விட்டார். ஒரு மாணவனின் கையைப் பிடித்து அதையும் உள்ளே இழுத்தார். மாணவன் ஏதோ முணுமுணுத்தான். டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார். அடுத்தவன் வந்தான், அவனுக்கும் அதே தலையாட்டல். கடைசியில் கண்ணாடி போட்ட ஒல்லி மாணவன் ஒருவன் என்னவோ சொன்னான். டாக்டர் சிரித்து, இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லி, அவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே, பாத்தீங்களா? அந்த ஒல்லிப் பையனுக்குப் படிஞ்சு போச்சுங்க."

"என்னங்க மச்சான் படிஞ்சுது?"

"வெலைதானுங்க."

எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டின் விலையை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பார்ப்பவனுக்குத் தலையாட்டல்தான் தெரியும். மச்சான் அரை ஆயுளைத் துண்டுக்கடியில் கழித்தவர். வாயைப் பார்த்து, தட்டிப் பார்த்து, துணிக்குள் கையை விட்டால் அதற்கு அவர் அகராதியில் வேறு பொருளே கிடையாது.

அந்த நேரத்தில் ஒரு படித்த மனிதன் சிரித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், டாக்டர் கடைசியாகச் சொன்ன இங்கிலீஷை மொழிபெயர்த்தேன். "இவ்வளவு நல்ல ஈரல் இந்த வருஷம் வரவில்லை" என்றாரே, அதை.

"மெச்சினாருங்களா?" என்று எழுந்து உட்கார்ந்தார் மச்சான். "வாங்கறவன் ஆருங்க மெச்சுவான்? கொம்பு கோணல், சுழி சரியில்லைன்னு நொட்டை சொல்லுவான். மெச்சறவன் விக்கறவன்தானுங்க!"

தர்க்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. போதாக்குறைக்கு நான் துப்பறியப் புறப்பட்டேன். தாழ்வாரத்தின் கோடியில் ஓர் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி ஜாடிகளில் ஈரலும் குடலும் மிதந்தன. வாங்குகிற சரக்கு எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. போய் மச்சானிடம் சொன்னேன். நோயாளியிடம் சொல்லத்தக்க செய்திதானா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் ஒல்லி மாணவன் தனியாக வந்தான். வயிற்றைத் தடவி, நீலப் பென்சிலால் விலாவுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தான். "நாளைக்குக் காலையில் ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விலை படிந்த மாட்டின் தொடையில் வாங்கியவன் காவிக்கல்லால் கோடு போடுவது சந்தை வழக்கம். மச்சான் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார்.

சாயங்காலம் பார்வையாளர்களை வெளியே அனுப்பும் மணி அடித்தது. என் சட்டையை அவருக்கு மாட்டி, கூட்டத்தோடு கூட்டமாக நடத்திக்கொண்டு போனேன். அவர் குனிந்து, விலாவைப் பிடித்தபடி வந்தார். வாசலை நெருங்கும்போது எதிரே சைக்கிளில் வந்து இறங்கியவன் அதே ஒல்லி மாணவன்.

"எங்கே போறீங்க?"

நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சானோ தொழில்காரர். தோளிலிருந்த துண்டை எடுத்து வலக்கை மேல் போட்டு, மாணவனுக்கு எதிரே நீட்டினார். தம்மைத் தாமே திருப்பி வாங்கிக்கொள்வதாக உத்தேசம்.

மாணவன் துண்டைப் பார்த்தான். அடியில் கையை விட்டான். மணிக்கட்டைப் பிடித்தான்.

"நாடியைக் காட்ட எதுக்குங்க துண்டு?" என்றான். பிறகு அவன் முகம் மாறியது. "ஐயோ, ரொம்ப ஓடுதே! இந்த நிலைமையில எழுந்து நடந்தீங்களா? உங்க ஈரல்ல சீழ் கட்டியிருக்கு. வீங்கின ஈரல் எங்கே முடியுதுன்னு சார் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக் காட்டினார். எனக்குத்தான் சரியாத் தட்டுப்பட்டது. அந்தக் கோடு அதுதான். காலையில எடுக்காம அது உள்ளேயே உடைஞ்சா நீங்க ஊர் போய்ச் சேரமாட்டீங்க."

மச்சான் துண்டை விலக்கவில்லை. சற்று நேரம் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே, திரும்பலாமுங்க."

"என்னங்க மச்சான், அவன் சொல்றதை நம்பிட்டீங்களா?"

"சொன்னதை ஆரு கேட்டாங்க? கை நடுங்குதுங்க. தரகன் கை நடுங்காது. இந்தப் பையன் நெசமாலுமே பயந்து போய்ட்டான்."

அவர் உள்ளே திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. ஆபரேஷன் நடந்த காலை முழுவதும் ஜாடி அறை வாசலில் நின்று, புதிதாக ஏதாவது ஜாடி உள்ளே போகிறதா என்று காவல் காத்தேன். ஒரு பெருக்குகிறவர் மட்டும் போனார். அவருடைய வாளியையும் எட்டிப் பார்த்தேன். மச்சானின் ஈரல் மச்சானிடமே இருந்தது. சீழ் மட்டும்தான் பட்டணத்தோடு நின்றது.

அவர் தேறி ஊர் வந்து சேர்ந்தபின், அக்காளுக்கு நானே விஸ்தாரமாக எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை பேர் சூழ்ந்தார்கள், எப்படித் தட்டினார்கள், போர்வைக்குள் எப்படிக் கை போயிற்று என்று நடித்தே காட்டினேன். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, நீயும் கூடவேதானே நின்னுட்டிருந்தே? உன்னை ஒருத்தரும் ஒரு வெலை கேக்கலையா?"