பஸ்ஸில் பிந்தி வந்த பதில்

அருள்நேசன் மாஸ்ரரின் மகள் பருத்தித்துறையிலிருந்து போன் எடுத்தபோது நான் கொக்குவிலில், வீட்டில், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ரீச்சர், அப்பா விடியப்புறம் மோசம் போட்டார்." மாஸ்ரர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, வெட்கம். ஒரு மாதமாக நான் அவரோடு கதைக்கவில்லை.

எங்களோடு படிப்பித்தவர்களுக்குத் தெரியும்: அவர் கணிதம், நான் பௌதிகவியல். கணக்குப் பிசகாத விஞ்ஞானக் கதைகள் என்றால் இருவருக்கும் பைத்தியம். அவர் ஓய்வு பெற்றபின் புத்தகங்கள் பஸ்ஸில் போய்வந்தன. அவர் பருத்தித்துறையில் பஸ் கொண்டக்ரரிடம் கொடுப்பார். நான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வாங்குவேன். ஓரத்தில் ஒருவர் பென்சிலால் கேட்க, மற்றவர் கீழே பதில் எழுதுவார். போனில் அந்தக் கதையே கூடாது. "புத்தகச் சண்டை புத்தகத்துக்குள்ளை கிடக்கட்டும்" என்பார்.

ஒரு நாவலின் பத்தாம் பக்கத்தில், "எரிபொருள் காணாது. இவையள் திரும்பி வரமாட்டினம்" என்று எழுதியிருந்தார். கடைசி அத்தியாயத்தில் எரிபொருள் தீர்ந்து ஒருவரும் திரும்பவில்லை. எழுதியவருக்கே அது முதலில் தெரிந்திருக்குமோ என்னவோ!

கடைசியாக, இளமையில் படித்த நாவலொன்றையும் புதியதொன்றையும் சேர்த்து வாசித்தோம். பழையதில், தொலைதூரம் போன கப்பல்காரர் செத்து வருடங்கள் கழிந்தும் அவர்கள் பேசியது பூமிக்கு வந்துகொண்டேயிருக்கிறது. புதியதில், இறந்தவரின் குரலில் ஓர் இயந்திரம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது. எனக்குப் புதியதுதான் பயம். அவருக்குப் பழையது. "வயசு போனால் பழசுதான் பிடிக்கும்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

பதில் வரவில்லை. கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டி, போன் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், பஸ் நிலையத்தில் அந்தக் கொண்டக்ரர் ஓடிவந்தார். "ரீச்சர், குறை நினையாதையுங்கோ. போன மாதம் மாஸ்ரர் இந்தப் புத்தகம் தந்தவர். சாமான் பெட்டிக்குள்ளை வைச்சன், பஸ் பழுதாகித் திருத்தக் கராச்சுக்குப் போட்டுது. அவர் பாவம், ஒவ்வொரு நாளும் வந்து மற்ற பஸ்காரரிட்டை 'ரீச்சர் ஒண்டும் தரேல்லையோ' எண்டு கேட்டவராம்."

அங்கேயே நின்று பிரித்தேன். என் குத்தலின் கீழே அவருடைய எழுத்து: "ஓம், வயசு போட்டுது. ஆனா இயந்திரத்தோடை நீங்கள் திருப்பிக் கதைக்கலாம். கப்பல்காரரோடை ஏலாது. எது பயம்? சொல்லுங்கோ ரீச்சர்." நடுப்பகல் வெயிலில் அதை இரண்டாந்தரமும் வாசித்தேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டதுபோல இருந்தது. சத்தியமாக.

கீழே எனக்காக நாலு விரற்கடை இடம் விட்டிருந்தார். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். "நீங்கள் சொன்னதுதான் சரி, மாஸ்ரர்" என்று அதில் எழுதினேன். புத்தகம் என் பைக்குள்ளேயே இருக்கிறது.

நேற்றும் பருத்தித்துறை பஸ் வந்து நின்றது. கொண்டக்ரர் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். புத்தகம் அதற்குள் பையிலிருந்து என் கைக்கு வந்திருந்தது.