முதல் அரைசதம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குக் கிரிக்கெட்டைப் பற்றி அன்றுவரை ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மதியம் வரை ரத்த அணுக்களை எண்ணுவதுதான் பிழைப்பு. இடது கையில் சின்னதாய் ஒரு எண்ணும் கருவி, ஓர் அணுவுக்கு ஒரு தட்டு. பக்கத்தில் கூரையே இடிந்து விழுந்தாலும் இவளுக்கு எண்ணிக்கை தப்பாது என்று கூடத்தில் பேர் வாங்கியிருந்தாள். அப்போது வயது இருபத்து நான்கு.

ஒருநாள் காய்ச்சலோடு ரத்தம் கொடுக்க வந்த உயரமான ஒருத்தி, முடிவு கைக்கு வரும்வரை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாள் பூரா எண்ணிக்கிட்டே இருக்கீங்களே, சலிக்கலையா?"

"பழகிடுச்சுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்க ரன்னையும் கொஞ்சம் எண்ணிக் கொடுங்களேன். எங்க ஆளுங்களுக்கு அடிக்க வருது, எண்ண வரமாட்டேங்குது."

அவள்தான் கேப்டன். நாட்டில் பெண்களுக்கென்று ஒரு கிரிக்கெட் அணி அப்போதுதான் ஒன்றுசேர்ந்துகொண்டிருந்தது. சங்கம் என்று பெயர்தான் பெரியது. அலுவலகம் என்பது கேப்டன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு மர அலமாரி. மட்டை நான்கு, கால்காப்பு மூன்று ஜோடி. ஒருத்தி அவுட்டாகி வந்தால் எல்லைக் கோட்டிலேயே அவளை உட்கார வைத்து, கால்காப்பை அவிழ்த்து அடுத்தவள் காலில் கட்டி அனுப்புவார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஸ்கோர் எழுதக் கற்றுக்கொண்டாள். ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். அணியின் அன்றைய லட்சணத்துக்குப் பக்கம் பக்கமாகப் புள்ளிகள்தான். "கோலம் போட ஆளைக் கூட்டிட்டு வந்தோமா, ஸ்கோர் எழுதக் கூட்டிட்டு வந்தோமா?" என்று யாரோ கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் புள்ளியக்கா.

இரண்டாம் வருடம் பக்கத்து நாட்டு அணி ரயிலேறி வந்தது. அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். இருநூறு பேர் பார்த்திருப்பார்கள், அதில் பாதிப் பேர் ஆடியவர்களின் வீட்டார். பதினோரு ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். கடைசிப் பந்து முடிந்த கையோடு மழை கொட்ட, வந்தவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். புள்ளியக்கா புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். இரு தரப்புப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமே இல்லை.

மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. தோல்வியைப் பற்றி ஒரு வரி, மீதி மூன்றும் கேப்டனைப் பற்றி. 'நம் பெண்கள் அணியின் முதல் அரைசதம்'. அந்தத் துண்டுக் காகிதத்தோடு கேப்டன் படியேறாத அலுவலகம் இல்லை. கடைசியில் ஒரு கல்லூரி முதல்வர் மனமிரங்கி, பயிற்சிக்குத் தன் மைதானத்தைத் திறந்துவிட்டார். அங்கேதான் அணி வளர்ந்தது.

புள்ளியக்கா பதினோரு வருடம் எழுதினாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கூடத்தில் பதவி உயர்வு எல்லாம் அதற்குள் நடந்தன. பிறகு ஆண்களின் வாரியமே பெண்கள் அணியையும் ஏற்றுக்கொண்டது. ஸ்கோர் எழுதக் கம்ப்யூட்டர் வந்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள், வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்கலாமே என்றுதான் இருந்தது.

அந்த முதல் ஆட்டம் நடந்து முப்பத்தாறு வருடம் கழித்து வாரியம் ஒரு நல்ல காரியம் செய்தது. நாட்டுக்காக ஆடிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆடிய வரிசைப்படி ஓர் எண்ணும் தொப்பியும் கொடுக்க முடிவெடுத்தது. ஆனால் பட்டியல் ஐந்தாவது வருடத்திலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தியதற்குத் தாளே இல்லையாம். எதிரணிக்காரர்களிடம் இருந்த புத்தகமும் கரையானுக்குப் போய்விட்டதாம்.

ஆவணப் பிரிவில் இருந்த இளம்பெண் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பேப்பர் செய்தியை மட்டும் வெச்சு ஒத்துக்க மாட்டாங்கம்மா. ஸ்கோர் புத்தகம் எங்கயாவது இருந்தா சொல்லுங்க."

"எங்கயாவது என்ன, என் அலமாரி மேலதான் இருக்கு. எல்லா வருஷமும் இருக்கு."

கணவர் ஏணி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தார். "இதை மூணு தடவை பழைய பேப்பர்காரர்கிட்ட போடச் சொன்னேன். நல்லவேளை, நீ என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கே!"

கூடத்தில் இரண்டாம் முறை எண்ணாமல் எந்த முடிவிலும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் ஆட்டத்தைப் பந்து பந்தாகக் கூட்டிப் பார்த்தாள். மட்டைக்காரர்கள் பக்கம் ஒரு ரன் அதிகமாக இருந்தது. மறுபடி கூட்டினாள். பந்துவீச்சுப் பக்கத்தில், முப்பத்து மூன்றாவது ஓவரின் நான்காவது பந்துக்கு, அவள் கையாலேயே ஒரு தலைகீழ் முக்கோணம் போட்டிருந்தது. லெக் பை. பந்து காலில் பட்டு ஓடிய ரன், மட்டைக்காரர் கணக்கில் சேராது. அதே பந்துக்கு எதிர்ப்பக்கத்தில் கேப்டன் பெயருக்கு நேரே 'ஒன்று' என்று எழுதியிருந்தாள்.

அணியின் மொத்தம் மாறாது, ஆட்டத்தின் முடிவும் மாறாது. கேப்டனின் ஐம்பதுதான் நாற்பத்தொன்பதாகும்.

கேப்டன் வேறு எப்போதும் ஐம்பதை எட்டவே இல்லை, நாற்பதைத் தொட்டதே இரண்டு முறைதான். "இந்த முக்கோணத்தை அழிச்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர். அவள் பார்த்த பார்வையில், "சும்மா சொன்னேன்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

கேப்டன் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்தாள். மறுநாள் காலை, சிவப்பு 'எல்' பலகை மாட்டிய காரின் முன்சீட்டில் புள்ளியக்கா புத்தகத்தை விரித்தாள். விரலை வைத்துக் காட்டினாள்.

கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு தொடையைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கதான்டி பட்டுச்சு. ஒரு வாரம் கன்னிப்போய் இருந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"நடுவர் காலைத் தட்டிக் காமிச்சதையும் பார்த்தேன். நாப்பத்தொன்பதுன்னு மனசுல எண்ணிக்கிட்டுதான் வெளிய வந்தேன். மறுநாள் பேப்பர்ல ஐம்பதுன்னு போட்டுட்டான். அதை வெச்சு மைதானம் கிடைக்கும்போல இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் எப்படித் திறக்கறது சொல்லு? எங்க போனாலும் முதல் அரைசதம், முதல் அரைசதம்னு மாலை போடறான். ஒவ்வொரு தடவையும் கூசும்."

"என் தப்பு அது. எழுதினது நான்."

"உன் தப்பு ஒரு பந்துக்கு. என்னோடது முப்பத்தாறு வருஷத்துக்கு. திருத்துடி. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

திருத்தினாள். இருவரும் கையெழுத்திட்டார்கள். பேனாவை மூடும்போது கேப்டன் திடீரென்று நிமிர்ந்தாள். "அப்ப முதல் ஐம்பது யாரோடது?"

புள்ளியக்கா பையிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். மூன்றாவது ஆட்டம், விக்கெட் கீப்பர், அறுபத்து மூன்று.

கீப்பர் அணியிலேயே வாய் திறக்காதவள். அந்த அறுபத்து மூன்று அடித்த அன்றுகூட, மற்றவர்கள் கூடிநின்று பேசிக்கொண்டிருக்க, ஓரமாய் உட்கார்ந்து கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையில் அவள் பெயர் வந்ததே இல்லை. இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை, அங்கேயும் ஓடுவதைப் பிடிக்கிற வேலைதான். கேப்டன் காரிலிருந்தபடியே போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு கீப்பர், "ஐயோ, எனக்கு வேணாம்க்கா, நீங்களே வெச்சுக்குங்க" என்றாள்.

"வெச்சுக்க இது என்ன குடையாடி? உன்னோடது. வாங்கிக்கோ" என்று கத்திவிட்டு, போனைக் கீழே வைத்த பிறகுதான் கேப்டன் கண்ணைத் துடைத்தாள்.

வாரியக் குழு இரண்டு மாதம் புத்தகங்களைக் குடைந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் புள்ளியக்கா பக்கம் எண்ணோடு பதில் சொன்னாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அணியின் சரித்திரம் மூன்று வருடம் பின்னால் போய், இருக்கவேண்டிய இடத்தில் நின்றது.

தொப்பி கொடுத்த அன்று காலை, முதல் ஆட்டம் ஆடிய பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். இறந்துபோன ஒருத்திக்காக அவள் மகள் வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டில் இருந்த இன்னொருத்தி திரையில் அழுதாள். கேப்டனுக்கு முதல் எண். தலைக்குச் சின்னதாய் இருந்த தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தவள், "நாப்பத்தொன்பது அடிச்சேன், நல்லாத்தான் அடிச்சேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. புள்ளியக்காவும் சிரித்தாள், மனம் லேசாகி.

பிறகு கீப்பரைக் கூப்பிட்டார்கள். முதல் அரைசதம் என்று அறிவித்ததும், இன்றைய அணிப் பெண்கள் பதினைந்து பேரும் முன்வரிசையிலிருந்து எழுந்து கைதட்டினார்கள். கீப்பருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒருமுறை திரும்பி, கூட்டத்தில் புள்ளியக்காவைத் தேடினாள். பிறகு ஒருமாதிரித் துணிந்து, அரைசதம் அடித்தவர்கள் மட்டையை உயர்த்துவதுபோல வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள்.