வளைவுக்குக் கீழே நின்றவன்

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒர்னெல்லாவைக் கேட்டால் இன்றைக்கும் மணி, நிமிடம் மாறாமல் சொல்வாள். கதை கட்டுகிற ஆள் இல்லை அவள்.

ரோம் நகரில் பழைய காகிதங்களைச் செப்பனிடுவது அவள் வேலை. ஆகஸ்ட் மாதம், ஊரே கடற்கரைக்குப் போயிருந்த வாரம். மூன்றாம் மாடிக் கூடத்தில் அவள் மட்டும். மேசைமேல் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கோட்டோவியம். பண்டைய ரோமானியக் குளியல் மண்டபம், பாதி இடிந்தது. புல் முளைத்த பெரிய வளைவு ஒன்று. ஆள் யாரும் கிடையாது.

மதியம் ஒன்று பத்து. ஈரப் பஞ்சால் ஒற்றியபோது, வளைவுக்குக் கீழே நகத்தளவு பழுப்புக் கறை தெரிந்தது.

ஒன்று இருபத்தைந்து. கறைக்குக் கால்கள் இருந்தன. முதுகு காட்டி நின்றது.

விடுப்பில் இருந்த சக ஊழியன் ஃபுல்வியோவுக்குப் போன் போட்டாள். வேலை தொடங்குமுன் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்தவன் அவன்தான்.

"அந்தக் குளியல் மண்டபப் படத்துல, வளைவுக்குக் கீழ யாராச்சும் நின்னாங்களா, ஃபுல்வியோ?"

"யாருமில்லையே. நீ சாப்டியா?"

"இங்க ஒரு ஆள் நிக்கிறான்."

"ஒரு வாரமா மாமியாரோட இருக்கேன். எனக்கே வராத பிரமை உனக்கா? போய் ஒரு காபி குடி."

போனை வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்ர்ர்... மணல் கொட்டுவதுபோல.

குனிந்து கேட்டாள். காகிதத்துக்குள்ளிருந்துதான் வந்தது.

ஒன்று நாற்பது. அவன் திரும்பியிருந்தான். ஒரு கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தது.

ஓடிவிடத் தோன்றியது. ஈரத்தோடு விட்டால் மை கலைந்துவிடும். உட்கார்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

இப்போது இரண்டு கைகளும் மேலே.

வாய் திறந்திருந்தது...

சர்ர்ர்...

காகிதத்தை அட்டையோடு அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பின்னால் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். கூரைக் காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. நாற்காலி நொறுங்கிக் கிடந்தது. ஒன்று நாற்பத்திரண்டு.

படத்தில் வளைவு இருந்தது. ஆள் இல்லை.

அக்டோபரில் அகச்சிவப்புக் கதிரில் அதைப் படமெடுத்தார்கள். வளைவுக்குக் கீழே கத்தியால் சுரண்டிய தடம். அங்கே முன்பு ஒருவனை வரைந்திருக்கிறார்கள். முதுகு காட்டி, கைகளைத் தொங்கவிட்டு நின்றவன்.

பிறகு பழைய கட்டு ஒன்றில் கடிதம் கிடைத்தது. வளைவு இடிந்து தன் தம்பி செத்த விதத்தை, படத்தை வரைந்தவன் தாய்க்கு எழுதியது.

"வளைவின் உயரம் படத்தில் தெரிவதற்காக அவனை அங்கே நிறுத்தினேன், அம்மா. பாதியில் திரும்பி, கைகளைத் தூக்கி ஏதோ கத்தினான். அசையாதே என்றேன்.

அசையாமல் நின்றான்."