தைலத்தின் மேல் வைத்த கரண்ட்

வேதநாயகிக்குக் கை வலி வந்தது 1997-ல். பொம்மசந்திராவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிறவள் அவள். தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பி. அது இறுகுகிறதா தளர்கிறதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். வலது தோளில் பிடித்த வலி முழங்கைவரை இறங்கியதும் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் வைத்தீஸ்வரன் தங்கமான மனுஷன்தான், அவரே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு மாசம் பாக்கறேம்மா. அப்புறம் பேக்கிங்குக்குத்தான் போவணும்." போயும் போயும் அட்டைப்பெட்டி ஒட்டுவதா?

விவேக் நகரில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ராதா பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். இருபத்தாறு வயசு, ஒரே அறை, ஒரே மெஷின். தோளில் பசை தடவி இரண்டு கறுப்பு ரப்பர் பட்டைகளை ஒட்டித் மெஷினின் திருகைத் திருப்பினால் கரண்ட் எறும்பு ஊர்வது போல ஏறும். அரைமணி கழித்து எழுந்தால் வலி அடங்கியிருக்கும். முதல் நாள் வேதநாயகி சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டாள்.

ஆசை யாரை விட்டது? தைலம் தேய்த்துக்கொண்டு போனால் கரண்ட் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்று கம்பெனி வேனில் யாரோ சொன்னார்கள். மறுநாளிலிருந்து நீலகிரித் தைலத்தை அரக்கித் தேய்த்து, மேலாகத் துடைத்துவிட்டுப் போனாள். அங்கே வருகிற எல்லார் மேலும் தைல வாடைதான், ராதாவுக்குத் தனியாகத் தெரியவில்லை. அது போதாதென்று, "சொல்ப ஜாஸ்தி வையுங்க மேடம்" என்று பாதிக் கன்னடத்தில் கரண்டைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி வேறு கேட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் பட்டையை எடுத்தால் அந்த அளவுக்கே தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. ராதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, தைலம் ஏதாச்சும் தேய்ச்சீங்களா?"

"இல்லையே மேடம்."

தேய்த்தேன் என்றால் இனி வராதே என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். பயந்தது எதுவோ அதுவே நடந்தது. "அப்ப உங்க தோலுக்கு இது ஒத்துக்கலக்கா. சில பேருக்கு அப்படித்தான். இனிமே வைக்கக் கூடாது" என்று கார்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டாள் ராதா.

பத்து நாளில் கொப்புளம் ஆறியது. வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து, சாமியாரிடம் அந்தப் பொய்யைச் சொன்னாள். சாமியார் மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி மன்னித்துவிட்டார். ஆனால் கார்டு சாமியாரிடமா இருக்கிறது? முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே கிளினிக்குக்குப் போனாள்.

"மேடம், அன்னிக்குத் தைலம் தேய்ச்சேன். பொய் சொல்லிட்டேன்."

ராதா திரும்பி மெஷினைப் பார்த்தாள். அதன் மேல் துணி போர்த்தி மூடியிருந்தது.

"தோல்னு உங்ககிட்ட சொன்னேன். ஆனா மெஷின்தான் சுட்டுருச்சோன்னு எனக்குள்ள ஒரே பயம். பத்து நாளா யாருக்கும் கரண்ட் வைக்கலக்கா. வலின்னு வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்."

தன் தோள் ஒன்றுதான் உலகம் என்றிருந்த வேதநாயகிக்கு உடம்பு கூசிப்போயிற்று. ராதாவே கையைப் பிடித்து உட்காரவைத்து, சோப்புப் போட்டுத் தோளைக் கழுவித் துடைத்து, ஆறிய இடத்தை விட்டுத் தள்ளிப் பட்டைகளை ஒட்டினாள்.

காயில் சுற்றும் வேலை கடைசியில் அவளைவிட்டுப் போகவில்லை. ஆனால் அது பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்றைக்கு வைத்தீஸ்வரன் கொடுத்த மாசம் முடிய எட்டு நாள்தான் பாக்கி இருந்தது.

ராதா திருகை மெதுவாகத் திருப்பினாள். "எப்படி இருக்கு? நெஜத்தைச் சொல்லுங்க."

வேதநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுள்ளுங்குது மேடம். கொறைச்சிடுங்க."